மரங்கள் வகுத்த அகலம்: அமெரிக்கக் காட்டுப் பந்தயமும் ஸ்போர்ட் குவாட் சஸ்பென்ஷனின் வரலாறும்

தொழில்நுட்ப வரலாற்றைப் பாடமாகப் பயில்பவர்கள் ட்ரெவர் பிஞ்ச், வீபே பைக்கர் இருவரும் 1984-இல் வெளியிட்ட கட்டுரையைத் தவறாமல் எதிர்கொள்வார்கள். மிதிவண்டியின் காற்றடைத்த டயரைப் பற்றிய வாதம் அதில் இடம்பெறுகிறது. 1888-இல் டன்லப் உருவாக்கிய அந்த டயர் முதலில் அதிர்வைக் குறைக்கும் சாதனமாகவே கருதப்பட்டது. பந்தய வீரர்களுக்கு அதிர்வு ஒரு சிக்கலாகவே தோன்றவில்லை. ஆகவே அவர்கள் அதைப் பொருட்படுத்தவில்லை. அந்த டயர் பூட்டிய வண்டி மற்றவற்றை முந்திச் சென்றதைக் கண்ட பின்னரே ஏற்றுக்கொண்டனர். அதே டயர் ஒரு சாராருக்குச் சொகுசாகவும் மறு சாராருக்கு வேகமாகவும் பொருள்பட்டது.

ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்குப் பிறகு அமெரிக்கக் காடுகளில் இதே கேள்வி வேறு வடிவில் எழுந்தது. நிலத்தின் அடியை யார் தாங்குவது? டயரா, இரும்புச் சுருளா, எண்ணெயா, ஓட்டுபவரின் மணிக்கட்டும் முதுகெலும்புமா? ஸ்போர்ட் குவாட் எனப்படும் நான்கு சக்கரப் பந்தய வண்டியின் சஸ்பென்ஷன் வரலாறு இந்தக் கேள்விக்கு வெவ்வேறு காலங்களில் அளிக்கப்பட்ட விடைகளின் வரலாறு. மோட்டார் சைக்கிளுக்குரிய கைப்பிடியும் காலை இருபுறம் போட்டு அமரும் இருக்கையும் பருத்த டயர்களும் கொண்டது இந்த வண்டி. இதன் வளர்ச்சியைத் தொழிற்சாலைப் பொறியாளர்களின் சாதனையாகச் சொல்வது ஒரு மரபு. பட்டறை வைத்திருந்த பந்தய வீரர்களின் சாதனையாகச் சொல்வது இன்னொரு மரபு. இரண்டும் பாதி உண்மைகள். ஒரு நீதிமன்ற ஆணையும் மரங்களுக்கு இடையிலான இடைவெளியும் இந்த வரலாற்றில் எந்தப் பொறியாளருக்கும் குறையாத பங்கு வகித்தன.

1. டயரே சுருளாக இருந்த காலம்

1960களின் பிற்பகுதியில் ஹோண்டாவின் அமெரிக்கக் கிளைக்கு ஒரு வணிக நெருக்கடி இருந்தது. குளிர்காலத்தில் மோட்டார் சைக்கிள் விற்பனை படுத்துவிடும். அந்த மாதங்களிலும் முகவர்கள் விற்கக்கூடிய ஒரு வண்டி வேண்டும் என்று 1967-இல் ஜப்பானுக்குக் கோரிக்கை சென்றது. பொறியாளர் ஒசாமு தகேயுச்சி பல முன்மாதிரிகளைச் செய்து பார்த்து மூன்று சக்கர வடிவத்தில் வந்து நின்றார். 1970-இல் யு.எஸ். 90 என்ற பெயரில் அது சந்தைக்கு வந்தது, பின்னர் ஏ.டி.சி. 90 எனப் பெயர் மாறியது. 89 சி.சி. எஞ்சின், விலை 595 டாலர்.

அந்த வண்டியில் சுருளும் இல்லை, ஷாக் அப்சார்பரும் இல்லை. மிகக் குறைந்த அழுத்தத்தில் காற்றடைத்த 22 அங்குல பலூன் டயர்களே அந்தப் பணியைச் செய்தன. பனியிலும் மணலிலும் சதுப்பிலும் அமிழாமல் மிதந்து செல்வதற்கு அந்த டயர் மிகப் பொருத்தமாக இருந்தது. மெதுவாகச் செல்பவருக்கு அதுவே போதுமான சஸ்பென்ஷனாகவும் அமைந்தது.

ஆனால் டயருக்கு ஓர் அடிப்படைக் குறை உண்டு. அது அடியை வாங்கிச் சேமிக்கும்; சேமித்ததை ஏறக்குறைய முழுவதுமாகத் திருப்பியும் கொடுக்கும். எந்த சஸ்பென்ஷனிலும் இரண்டு தனித்தனிப் பணிகள் அடங்கியிருக்கின்றன. முதலாவது, அடியைச் சேமித்தல். அது சுருளின் வேலை. இரண்டாவது, சேமித்த ஆற்றலை வெப்பமாக மாற்றிக் கரைத்துவிடுதல். அது ஷாக் அப்சார்பருக்குள் இருக்கும் எண்ணெயின் வேலை. இந்த இரண்டாவது பணிக்குத் தணிப்பு என்று பெயர். பலூன் டயரில் முதல் பணி உண்டு, இரண்டாவது மிகக் குறைவு. ஆகவே வேகமாக ஒரு வேரின் மீது ஏறிய மூன்று சக்கர வண்டி பந்தைப் போல எகிறும். ஒரு பக்கச் சக்கரம் மட்டும் எகிறினால் வண்டி சாயும். குறுகிய அடித்தளமும் முன்னால் ஒற்றைச் சக்கரமும் கொண்ட வண்டியில் அந்தச் சாய்வு பல நேரங்களில் கவிழ்வில் முடிந்தது.

2. பந்தயம் கொண்டுவந்த ஏழு ஆண்டுகள்

1981-இல் ஹோண்டாவின் ஏ.டி.சி. 250ஆர் முன்னும் பின்னும் முறையான சஸ்பென்ஷனுடன் வந்தது. அடுத்த ஆண்டு சுசுகி நான்கு சக்கர வண்டியை அறிமுகப்படுத்தியது. 1985-இல் அதே நிறுவனம் வெளியிட்ட எல்.டி. 250ஆர் குவாட்ரேசர் பந்தயத்தை நேரடி இலக்காகக் கொண்ட முதல் நான்கு சக்கர வண்டி. 1986-இல் ஹோண்டாவின் டி.ஆர்.எக்ஸ். 250ஆர், 1987-இல் யமஹாவின் பான்ஷி, கவாசாகியின் டெகேட்-4, சுசுகியின் எல்.டி. 500ஆர் என்று வரிசையாக வந்தன.

ஸ்போர்ட் குவாட்டின் அடிப்படை உடற்கூறு இந்த ஆண்டுகளில் நிலைபெற்றது. இன்றுவரை அது பெரிதாக மாறவில்லை. முன்சக்கரம் ஒவ்வொன்றையும் மேலும் கீழுமாக இரண்டு முக்கோணக் கைகள் தாங்குகின்றன. ஆங்கில எழுத்து ஏ வடிவில் இருப்பதால் அவற்றுக்கு ஏ-ஆர்ம் என்று பெயர். ஒவ்வொரு முன்சக்கரத்துக்கும் தனி ஷாக் உண்டு. ஒன்று ஏறும்போது மற்றொன்று ஏறவேண்டியதில்லை. பின்புறம் கதை வேறு. இரு பின்சக்கரங்களும் ஒரே திடமான அச்சுத்தண்டில் பூட்டப்பட்டிருக்கின்றன. அந்த அச்சைத் தாங்கும் ஸ்விங்ஆர்முக்கு ஒரே ஒரு ஷாக்தான். ஒரு பின்சக்கரம் கல்லின் மீது ஏறினால் முழு அச்சும் சாய்கிறது. அதனுடன் வண்டியும் சாய்கிறது. முன்பகுதி நான்கு சக்கர ஊர்தியின் தர்க்கத்திலும் பின்பகுதி மோட்டார் சைக்கிளின் தர்க்கத்திலும் இயங்கும் இந்தக் கலப்பு உடலே பிற்காலச் சிக்கல்கள் அனைத்துக்கும் தொடக்கம்.

3. ஆணையும் அதன் எதிர்பாரா விளைவும்

விற்பனை பெருகிய வேகத்திலேயே விபத்துகளும் பெருகின. இறந்தவர்கள் நூற்றுக்கணக்கில், அவர்களில் கணிசமானோர் 16 வயதுக்கு உட்பட்டவர்கள். அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் தொடுத்த வழக்கின் முடிவில் 1988 ஏப்ரலில் இசைவுத் தீர்ப்பாணை ஒன்று நடைமுறைக்கு வந்தது. ஹோண்டா, யமஹா, சுசுகி, கவாசாகி, போலாரிஸ் ஆகிய ஐந்து நிறுவனங்கள் அதற்குக் கட்டுப்பட்டன. புதிய மூன்று சக்கர வண்டிகளின் விற்பனை நிறுத்தப்பட்டது, 90 சி.சி.க்கு மேற்பட்ட வண்டிகளைப் 16 வயதுக்குக் குறைந்தவர்களுக்கென விற்பதில்லை என்றும், வாங்குபவருக்குப் பயிற்சி அளிப்பது என்றும் உறுதியளிக்கப்பட்டது. ஆணையின் காலம் பத்து ஆண்டுகள்.

நான்கு சக்கரப் பந்தய வண்டிகளை அந்த ஆணை தடைசெய்யவில்லை. ஆயினும் வழக்குகளின் நிழலில் அவை நிறுவனங்களுக்குச் சுமையாயின. டி.ஆர்.எக்ஸ். 250ஆர் 1989-உடன் நின்றது, எல்.டி. 500ஆர் 1990-உடன், எல்.டி. 250ஆர் 1992-உடன். பான்ஷி போன்ற சில மட்டுமே தொடர்ந்தன. தொழிற்சாலைகளின் கவனம் பண்ணை வேலைக்கும் வேட்டைக்கும் உதவும் சுமைதாங்கி வண்டிகளின் பக்கம் திரும்பியது.

பந்தயம் நிற்கவில்லை, பந்தயத்துக்கான புதிய வண்டிதான் கிடைக்கவில்லை. அந்த வெற்றிடத்தைச் சிறு பட்டறைகள் நிரப்பின. 1989-இல் கைவிடப்பட்ட டி.ஆர்.எக்ஸ். 250ஆர் அடுத்த பத்தாண்டுக்கும் மேலாகப் பந்தயத் தளங்களில் உயிருடன் இருந்தது. முதலில் ஷாக் மாற்றப்பட்டது, பிறகு ஏ-ஆர்ம், பிறகு அச்சு, இறுதியில் சட்டகமே பட்டறையில் புதிதாகப் பற்றவைக்கப்பட்டது. கலிபோர்னியாவின் லேகர்ஸ், அரிசோனாவின் லோன்ஸ்டார் போன்ற பெயர்கள் இந்தத் துறையில் ஹோண்டாவுக்கு இணையான மதிப்பைப் பெற்றன.

ரொனால்ட் கிளைன், ட்ரெவர் பிஞ்ச் இருவரும் 1996-இல் எழுதிய ஆய்வு, அமெரிக்க உழவர்கள் ஃபோர்டு மாடல் டி காரைப் பண்ணை இயந்திரங்களை ஓட்டும் விசைமூலமாக மாற்றியதை விவரிக்கிறது. பொருளைப் பயன்படுத்துபவரே அதன் பொருண்மையை மாற்றுகிறார் என்பது அதன் மையக் கருத்து. குவாட் பட்டறைகளும் அந்த வகையைச் சேர்ந்தவையே. ஆனால் இங்கு ஒரு நுட்பமான வேறுபாடு உண்டு. உழவர்களுக்குப் புதிய கார் கிடைத்துக்கொண்டிருந்தது. பந்தய வீரர்களுக்குப் புதிய வண்டி கிடைக்கவில்லை. பாதுகாப்பை நோக்கமாகக் கொண்ட ஓர் ஆணை, வடிவமைப்பு அதிகாரத்தைச் சோதனைக்கூடமும் சட்டத்துறையும் கொண்ட பெருநிறுவனங்களிடமிருந்து விலக்கி, இவை இரண்டும் இல்லாத பட்டறைகளின் கையில் கொண்டு சேர்த்தது. ஒழுங்குமுறைச் சட்டங்களின் வரலாற்றை எழுதுவோர் கவனிக்கவேண்டிய இடம் இது.

4. காடு கேட்டது என்ன

பட்டறைகள் யாருக்காகச் செய்தன என்பது அடுத்த கேள்வி. பந்தயங்களில் இரண்டு பெரும் மரபுகள் இருந்தன. ஒன்று மோட்டோகிராஸ்: திறந்த வெளியில் மண் கொட்டி அமைத்த தடம், பெரும் தாவல்கள், குறுகிய நேரம். மற்றொன்று காட்டுப் பந்தயம். மேற்கு வர்ஜீனியாவின் டேவிஸ் என்னும் சிற்றூரில் டேவ் கூம்ப்ஸ் 1975-இல் தொடங்கிய பிளாக்வாட்டர் 100 இதன் மூலத்தடம். சதுப்பு, ஆறு, பாறை, மரங்கள் அடர்ந்த சரிவு என அனைத்தையும் கடக்கும் அந்தப் போட்டி 1993 வரை நடந்தது. அதிலிருந்து கிளைத்து வளர்ந்ததே கிராண்ட் நேஷனல் கிராஸ் கன்ட்ரி என்னும் தேசியத் தொடர். டென்னசியின் ஹரிகேன் மில்ஸ், இந்தியானாவின் கிராஃபோர்ட்ஸ்வில் போன்ற இடங்களில் நடைபெறும் இத்தொடரில் முதல்நிலை குவாட் பந்தயம் சுமார் இரண்டு மணி நேரம் நீடிக்கும்.

மோட்டோகிராஸ் வண்டிக்கு அகலம் வரம். வெளி அகலம் 50 அங்குலம் வரை விரிந்த வண்டி வளைவில் கவிழாது. தாவலில் இருந்து விழும்போது அடிதட்டாமல் இருக்க ஷாக் கடினமாக இருக்கும். சிறிய டயர்களுடன் வண்டி தரையோடு ஒட்டித் தாழ்ந்திருக்கும். அதே வண்டியைக் காட்டுக்குள் விட்டால் மூன்று தடைகள் வரிசையாக எதிர்வரும். இரண்டு மரங்களுக்கு நடுவே 48 அங்குல இடைவெளி இருந்தால் அது நுழையாது. வேரும் கல்லும் அடிப்பகுதியில் மோதும். கடினமான ஷாக் ஒவ்வொரு வேரையும் ஓட்டுபவரின் மணிக்கட்டுக்கு அனுப்பும். ஒரு மணி நேரத்தில் முன்கை இறுகி, விரல்களால் பிரேக்கை அழுத்த முடியாத நிலை வரும்.

ஆகவே காட்டு வண்டி குறுகியதாகவும், தரையிலிருந்து உயர்ந்ததாகவும், மென்மையானதாகவும் இருக்கவேண்டும். ஆனால் இம்மூன்றும் கவிழ்வதற்கான இலக்கணங்கள். ஒரு சிறு கணக்கு இதைத் தெளிவாக்கும். வண்டியின் வெளி அகலம் 50 அங்குலம், பின்டயரின் அகலம் 10 அங்குலம் என்று கொண்டால், இரு டயர்களின் மையங்களுக்கு இடையிலான தூரம் 40 அங்குலம். வெளி அகலத்தை 46 ஆகக் குறைத்தால் அது 36 ஆகிறது. வெளி அகலத்தில் 8 விழுக்காடு குறைந்தால் நிலைத்தன்மையைத் தீர்மானிக்கும் தூரத்தில் 10 விழுக்காடு குறைகிறது. ஓட்டுபவரையும் சேர்த்த ஈர்ப்பு மையம் 24 அங்குல உயரத்தில் இருப்பதாக வைத்துக்கொண்டால், பழைய நிலைத்தன்மையை மீட்க அதை ஏறத்தாழ 2.4 அங்குலம் தாழ்த்தவேண்டும். காடோ வண்டியை உயர்த்தச் சொல்கிறது.

காட்டுப் பந்தயத்துக்கான சஸ்பென்ஷன் மேம்பாடு என்பது இந்த முரணுக்குள் வழி தேடும் வேலை. அதற்கு இறுதியான தீர்வு கிடையாது. ஒவ்வொரு தடத்துக்கும், ஒவ்வொரு உடலுக்கும் ஏற்ற சமரசங்கள் மட்டுமே உண்டு.

5. பட்டறை கண்ட வழிகள்

முதல் வழி வடிவியல் சார்ந்தது. ஏ-ஆர்ம் விற்பனையில் கூட்டல் இரண்டு, கூட்டல் ஒன்று என்ற வழக்கு உண்டு. முதல் எண், தொழிற்சாலை அளவைவிடச் சக்கரம் ஒவ்வொரு பக்கமும் எத்தனை அங்குலம் வெளியே தள்ளப்படுகிறது என்பதைக் குறிக்கும். இரண்டாவது, எத்தனை அங்குலம் முன்னால் தள்ளப்படுகிறது என்பதை. மோட்டோகிராஸ் வீரர் முதல் எண்ணை நாடுவார். காட்டு வீரர் முதல் எண்ணைப் பூஜ்யத்திலோ ஒன்றிலோ நிறுத்திவிட்டு இரண்டாவது எண்ணை மட்டும் வாங்குவதுண்டு. சக்கரம் ஓர் அங்குலம் முன்னால் போனால் வண்டி சற்று நீள்கிறது. மேடுபள்ளத்தில் முன்னும் பின்னுமாகத் தலையாட்டுவது குறைகிறது. மரங்களுக்கு இடையே நுழையும் அகலம் மாறுவதில்லை. பின்னால் அகலத்தைக் கூட்டவும் குறைக்கவும் இயலும் அச்சுகள் வந்தன. சனிக்கிழமை ஒரு திறந்த தடத்தில் விரித்து ஓடிய வண்டியை ஞாயிற்றுக்கிழமை காட்டுக்காகச் சுருக்கிக்கொள்ளலாம்.

இரண்டாவது வழி சுருள் சார்ந்தது. ஒரே ஷாக்கில் வெவ்வேறு கடினத்தன்மை கொண்ட இரண்டு அல்லது மூன்று சுருள்கள் அடுக்கப்பட்டன. சிறு வேருக்கு எல்லாச் சுருள்களும் சேர்ந்து மென்மையாக நெகிழும். அடி பெரிதாகும்போது மெல்லிய சுருள் ஒரு வளையத்தில் தட்டி நின்றுவிட, கடினமான சுருள் தனியே பொறுப்பேற்கும். ஓட்டுபவர் அமர்ந்தவுடன் வண்டி தன் மொத்த அசைவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கீழே அமரவேண்டும் என்பது பரவலான பட்டறை விதி. அந்த அமர்வு வீணான தாழ்வு அன்று. சக்கரம் மேலே ஏறுவதற்கு இடம் வேண்டியிருப்பதைப் போலவே குழிக்குள் இறங்கவும் இடம் வேண்டும். இறங்க இடமில்லாத சக்கரம் குழியின் மேல் அந்தரத்தில் தொங்கும். தரையைத் தொடாத சக்கரத்தால் திரும்பவும் முடியாது, நிறுத்தவும் முடியாது.

மூன்றாவது வழி எண்ணெய் சார்ந்தது; கைத்தேர்ச்சியின் உச்சம் இங்குதான். ஷாக்கின் பிஸ்டனில் உள்ள துளைகளை மெல்லிய எஃகு வட்டத்தகடுகளின் அடுக்கு ஒன்று மூடியிருக்கும். பிஸ்டன் நகரும்போது எண்ணெய் அத்தகடுகளை வளைத்துக்கொண்டு வெளியேறும். தகடுகளின் எண்ணிக்கை, விட்டம், தடிமன், அடுக்கும் வரிசை ஆகியவை தணிப்பின் தன்மையைத் தீர்மானிக்கின்றன. ஷாக்கின் மொழியில் வேகம் என்பது வண்டியின் வேகத்தைக் குறிப்பதில்லை. பிஸ்டன் தண்டின் வேகத்தையே குறிக்கிறது. நீண்ட அலைபோன்ற மேட்டில் வண்டி விரைந்து போனாலும் தண்டு மெதுவாகவே நகரும். நடைவேகத்தில் ஒரு கூரான கல்லில் மோதினாலும் தண்டு மின்னலாய்ப் பாயும். காடு இந்த இரண்டாவது வகை அடிகளின் உலகம். ஆகவே காட்டுக்கான ஷாக்கில், தண்டு வேகமாக நகரும்போது எண்ணெய் தடையின்றி வழிந்தோடவும், வளைவில் மெதுவாகச் சாயும்போது இறுக்கமாக நிற்கவும் தகடுகள் அடுக்கப்பட்டன. மென்மையும் நிலைத்தன்மையும் ஒன்றாகக் கிடைக்காது என்ற முரணுக்குப் பட்டறை கண்ட மிகச் சிறந்த பதில் இதுவே.

வெப்பம் இன்னொரு எதிரி. இரண்டு மணி நேரம் இடைவிடாது அடி வாங்கும் ஷாக்கில் எண்ணெய் சூடேறி நீர்த்துப்போகும். முதல் சுற்றில் இறுக்கமாக இருந்த வண்டி கடைசிச் சுற்றில் தளர்ந்து துள்ளும். தனியே பொருத்திய எண்ணெய்க் கலம் இதற்காகவே வந்தது. அது எண்ணெயின் அளவைக் கூட்டுகிறது. அதற்குள் அடைத்த நைட்ரஜன் வாயுவின் அழுத்தம் எண்ணெயில் குமிழி தோன்றாமல் காக்கிறது. கைப்பிடித் தண்டுக்கும் இதே தத்துவத்தில் ஒரு தணிப்பான் பொருத்தப்பட்டது. ஒரு சக்கரம் மரத்தடியில் மோதும்போது கைப்பிடி பிடுங்கிக்கொள்வதை அது தடுத்தது.

இத்தனைக்கும் பிறகு டயர் தன் இடத்தை விட்டுக்கொடுக்கவில்லை. காட்டு வீரர்கள் மோட்டோகிராஸின் தாழ்ந்த டயர்களை ஏற்காமல், முன்னால் 22 அங்குல, பின்னால் 20 அங்குல உயரம் கொண்ட டயர்களையே விரும்பினர். 1970-இன் பலூன் டயர் முழுச் சஸ்பென்ஷனாக இருந்தது. இப்போது சஸ்பென்ஷனின் முதல் அடுக்காக, வேரின் கூர்மையை மழுக்கும் மெத்தையாக அது எஞ்சியது.

6. தொழிற்சாலை திரும்பி வந்தபோது

1998-இல் ஆணையின் காலம் முடிந்தது. 1999-இல் ஹோண்டா டி.ஆர்.எக்ஸ். 400இ.எக்ஸ். வண்டியுடன் திரும்பியது. 2003-இல் சுசுகியின் இசட். 400, 2004-இல் யமஹாவின் ஒய்.எஃப்.இசட். 450, ஹோண்டாவின் டி.ஆர்.எக்ஸ். 450ஆர் என்று நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின்களின் காலம் தொடங்கியது. பில் பாலன்ஸ் 2000 முதல் 2008 வரை தொடர்ந்து ஒன்பது முறை தேசியக் காட்டுப் பந்தயப் பட்டத்தை வென்ற காலம் இதுவே. அந்த ஒன்பது ஆண்டுகளுக்குள் பந்தயக் களத்தின் வண்டியே தலைமுறை மாறியது.

திரும்பி வந்த தொழிற்சாலைகள் பட்டறைகளின் பாடத்தை ஏற்றுக்கொண்டன. ஆனால் முதலில் ஏற்றது மோட்டோகிராஸ் பட்டறைகளின் பாடத்தை. 2006-இல் சுசுகியின் எல்.டி.-ஆர் 450, 2009-இல் யமஹாவின் ஒய்.எஃப்.இசட். 450ஆர் ஆகியவை விற்பனைக் கூடத்திலேயே அகன்று, தாழ்ந்து நின்றன. யமஹா வண்டியின் அகலம் சுமார் 49 அங்குலம். முன்சக்கரத்தின் அசைவு ஏறத்தாழ 10 அங்குலம். 1970-இல் பூஜ்யமாக இருந்த எண் அது. காட்டு வீரர்கள் பழையபடி அகன்ற வண்டியை வாங்கிக் குறுக்க வேண்டியதாயிற்று. 2010-இல் யமஹா ஒய்.எஃப்.இசட். 450எக்ஸ் என்ற தனி வடிவத்தை வெளியிட்டது. அதன் அகலம் சுமார் 46 அங்குலம். பட்டறைகள் பல ஆண்டுகளாகக் கையால் செய்துவந்த குறுக்கலைத் தொழிற்சாலை தன் விலைப்பட்டியலில் எழுதியது. ஆனால் அந்த வடிவம் நீண்ட நாள் நீடிக்கவில்லை.

திடமான பின்னச்சின் குறையைக் களைய இன்னொரு முயற்சியும் நடந்தது. 2006-இல் போலாரிஸ் தன் அவுட்லா 500 வண்டியில் ஒவ்வொரு பின்சக்கரத்துக்கும் தனி சஸ்பென்ஷன் கொடுத்தது; 2008-இல் ஹோண்டாவின் டி.ஆர்.எக்ஸ். 700எக்ஸ்.எக்ஸ். அதே வழியில் வந்தது. கோட்பாட்டின்படி காட்டுக்கு மிகப் பொருத்தமான விடை அதுதான். ஆயினும் முன்னணிக் காட்டுப் பந்தயத்தில் திட அச்சே நிலைத்தது. திட அச்சு எடை குறைந்தது, எளிமையானது, அடிவாங்கினால் களத்திலேயே சரிசெய்யக்கூடியது. வளைவில் பின்பகுதியை வழுக்கித் திருப்புவதற்கு வீரர்களின் உடல் ஏற்கெனவே பழகியிருந்தது. உயர்ந்த தொழில்நுட்பம் தானாக வெல்லும் என்ற எண்ணத்தை இந்நிகழ்வு மறுக்கிறது.

7. அங்குலமும் அரசும்

வண்டியின் அகலத்தைத் தீர்மானித்தவை பந்தயத் தடத்தின் மரங்கள் மட்டுமல்ல. பொது நிலங்களில் இயந்திர வண்டிகளைக் கட்டுப்படுத்தும் முதல் குடியரசுத் தலைவர் ஆணையை நிக்சன் 1972-இல் பிறப்பித்தார்; கார்ட்டர் 1977-இல் அதைக் கடுமையாக்கினார். அமெரிக்க வனத்துறை 2005-இல் வெளியிட்ட பயண மேலாண்மை விதிக்குப் பின், எந்தப் பாதையில் எந்த வண்டி செல்லலாம் என்பது வரைபடங்களில் குறிக்கப்பட்டது. 50 அங்குலமோ அதற்குக் குறைவோ அகலமுள்ள வண்டிகளுக்கான பாதை என்பது அவற்றில் ஒரு வகை. சில இடங்களில் அந்த அகலத்துக்கே வாயில்கள் நட்டுவைக்கப்பட்டன. தொழில்துறை அந்த எண்ணை வடிவமைப்பு விதியாக வாசித்தது. இருவர் அருகருகே அமரும் போலாரிஸ் ரேஸர் வண்டி முதலில் வந்தபோது அதன் அகலம் மிகச் சரியாக 50 அங்குலம்.

இன்னொரு பக்கம், 1990-இன் தொழில்துறைத் தரவிதி இயந்திர சஸ்பென்ஷனைக் கட்டாயக் கூறுகளில் ஒன்றாக்கியது. 2008-இன் நுகர்பொருள் பாதுகாப்பு மேம்பாட்டுச் சட்டம் அந்தத் தன்னார்வத் தரவிதியின் புதுப்பிக்கப்பட்ட வடிவத்துக்குச் சட்ட வலிமை கொடுத்தது. ஆனால் தரவிதி பேசுவது விற்பனைக் கூடத்தில் நிற்கும் வண்டியைப் பற்றி. வாங்கிய மறுநாள் பட்டறையில் ஏ-ஆர்மும் ஷாக்கும் அச்சும் மாற்றப்பட்ட வண்டி வேறொரு வண்டி. அதன் நிலைத்தன்மைக்குச் சான்றளிப்பவர் எவரும் இல்லை.

இங்கேதான் இந்த வரலாற்றின் உண்மையான பணயம் இருக்கிறது. தேர்ந்த பந்தய வீரருக்கு நல்ல சஸ்பென்ஷன் பாதுகாப்பின் கருவி. சக்கரத்தைத் தரையில் வைத்திருக்கிறது, கைகளின் களைப்பைக் குறைக்கிறது, கடைசிச் சுற்றிலும் பிரேக் பிடிக்கும் ஆற்றலை மிச்சப்படுத்துகிறது. கற்றுக்குட்டிக்கோ அதே சஸ்பென்ஷன் நிலத்தின் எச்சரிக்கையை மறைத்துவிடுகிறது. மேடு கையைக் குலுக்கவில்லை என்றால் வேகத்தைக் குறைக்கத் தோன்றாது. தோன்றும்போது மரம் அருகில் இருக்கும். வண்டி ஏறத்தாழ 180 கிலோ எடை என்றால், 80 கிலோ எடையுள்ள ஓட்டுபவர் மொத்த எடையில் மூன்றில் ஒரு பங்கை நெருங்குகிறார். அவர் உடலைச் சாய்க்கும் விதமே சஸ்பென்ஷனின் கடைசி உறுப்பு. அந்த உறுப்பை எந்தப் பட்டறையும் விற்பதில்லை.

8. வரலாற்றாய்வுக்கு எஞ்சுவது

2010களில் பெரிய நிறுவனங்கள் மீண்டும் விலகத் தொடங்கின. டி.ஆர்.எக்ஸ். 450ஆர் 2014-உடன் நின்றது. ஜப்பானின் நான்கு பெரும் நிறுவனங்களில் யமஹா மட்டுமே 450 வகைப் பந்தயக் குவாட்டைத் தொடர்ந்து தயாரித்தது. சந்தை அருகருகே அமரும் வண்டிகளின் பக்கம் சாய்ந்தது. மீண்டும் ஒருமுறை பழைய வண்டிகளைப் பட்டறைகளே உயிருடன் வைத்திருக்கின்றன. தொழில்நுட்ப வரலாறு கண்டுபிடிப்புகளை மட்டும் பேசாமல், பயன்பாட்டிலும் பழுதுபார்ப்பிலும் இருக்கும் பொருள்களைப் பேசவேண்டும் என்று டேவிட் எட்ஜர்ட்டன் வலியுறுத்தியதற்கு இதைவிடப் பொருத்தமான சான்றுகள் குறைவு.

இந்தியப் பொறியியல் கல்லூரி மாணவர்கள் 2007 முதல் பாஹா எஸ்.ஏ.இ. இந்தியா போட்டிக்காகக் கரடுமுரடான நிலத்தில் ஓடும் ஒற்றை இருக்கை வண்டிகளை வடிவமைத்து வருகிறார்கள். அவை குவாட் அல்ல. பாதுகாப்புக் கூண்டும் ஸ்டீயரிங் சக்கரமும் கொண்டவை. ஆயினும் ஏ-ஆர்மின் நீளம், சுருளின் கடினம், அகலத்துக்கும் உயரத்துக்கும் இடையிலான பேரம் ஆகிய கேள்விகள் பொதுவானவை. அந்த மாணவர்களின் பாடநூலில் அவை சமன்பாடுகளாக நிற்கின்றன. அந்தச் சமன்பாடுகளின் ஒவ்வொரு மாறிக்கும் பின்னால் ஒரு வழக்கோ, ஒரு வனச் சட்டமோ, ஒரு விபத்தோ, கைவிடப்பட்ட வண்டியை விடாமல் பிடித்துக்கொண்டிருந்த ஒரு பட்டறையோ இருந்திருக்கலாம் என்பதைப் பாடநூல் சொல்வதில்லை.

பட்டறைகளின் அறிவு பெரும்பாலும் எழுதப்படாதது. தகடுகளை அடுக்கிய வரிசை ஒரு சிறு குறிப்பேட்டில் இருக்கும். அதை எழுதியவர் ஓய்வு பெறும்போது அதுவும் குப்பைக்குப் போகும். நிறுவனங்களின் ஆவணக்காப்பகங்களில் விற்பனை எண்களும் காப்புரிமைகளும் கிடைக்கும். நீதிமன்றப் பதிவுகளில் விபத்துகள் கிடைக்கும். இவ்விரண்டுக்கும் நடுவில், ஒரு வண்டியை இரண்டு அங்குலம் குறுக்கியும் கவிழாமல் காட்டைக் கடக்கச் செய்தவர்களின் கணக்கு எங்கும் சேகரிக்கப்படவில்லை. அந்தக் குறிப்பேடுகளில் சிலவேனும் இன்னும் பட்டறை அலமாரிகளில் இருக்கும் இந்தத் தலைமுறைக்குள் அவற்றைத் தேடிச் சேர்ப்பது, இத்துறையில் ஆய்வை மேற்கொள்ளவிருக்கும் மாணவர்களின் முன்னுள்ள முதற்பணி.